பிள்ளைகளும் தோட்டமும்: நம்ம ஜில்லாவில் நடந்த ஒரு பழைய கதை



போன வருஷம் ஆடி மாசக் கூட்டத்தில் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கன்வாடிக்குப் பின்னால சும்மா கிடக்கிற இடத்தில் பிள்ளைகளை வைத்தே ஒரு சின்னத் தோட்டம் போடலாம், வேலிக்கு மட்டும் கூட்டமைப்பு நிதியிலிருந்து கொஞ்சம் பணம் கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது. பாதிப் பேர் கையைத் தூக்கினோம். மீதிப் பேர் சத்தம் போட்டார்கள். அதில் முதல் சத்தம் எங்க அம்மாவோடது. "கூலிக்காரி பேத்திக்கு மண்ணு வெட்டுறது ஒரு விளையாட்டா? இதுக்கா காலையில தலை சீவி அனுப்புறோம்?" என்று கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

நான் பத்தாவதுதான் படித்தேன். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அக்கா கேட்டபோது, அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் மனசில் நின்றது. சின்னப் பிள்ளைகளைத் தோட்டம் போட வைக்கிறது யார் கொண்டுவந்த யோசனை, நம்ம பக்கத்தில் இதுக்கு முன்னால யாராவது செய்தார்களா, செய்ததில் என்ன ஆச்சு என்று தேடினேன். எனக்குத் தெரிந்த டீச்சர் அக்கா ஒருவர் புத்தகங்கள் கொடுத்து உதவினார். மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். தேடத் தேட ஆச்சரியம். ரோமாபுரியில் தொடங்கின ஒரு விஷயம் கொடைக்கானல் வரைக்கும் வந்திருக்கிறது. வார்தாவில் தொடங்கின ஒன்று சின்னாளபட்டிப் பக்கம் வந்திருக்கிறது. இரண்டுமே நம்ம வாசலைத் தாண்டித்தான் போயிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

ஆனா முதலில் நம்ம வீட்டுக் கதையைச் சொல்லணும். பிள்ளைகளை வைத்து விதை முளைக்க வைக்கிறதை யாரும் நமக்கு வெளியூரிலிருந்து வந்து சொல்லித்தரலை. முளைப்பாரி என்பது என்ன? மாரியம்மன் கோயில் சாட்டியதும் வீடு வீடாகப் பயறு வாங்கி, ஓட்டில் வைக்கோல் போட்டு, காய்ந்த சாணத்தூளும் மண்ணும் பரப்பி, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று விதைத்து, வெளிச்சம் புகாத வீட்டில் வைத்துத் தண்ணி தெளித்து வளர்ப்போம். சாயங்காலம் சுற்றி நின்று கும்மி. நான் ஆறு வயசிலிருந்தே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கேன். உள்ளே எட்டிப் பார்க்க விடமாட்டாங்க. எட்டு ஒன்பது நாள் கழித்துத் தலையில் தூக்கி வெளியே வரும்போது ஒரு முழ உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக நிற்கும். ஏன் பச்சையாக இல்லை என்று நான் கேட்டதுக்கு அப்பத்தா "ஆத்தா மஞ்சள் பூசி விட்டுருக்கா" என்றாங்க. வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளுது, வெயில் படாததால் பச்சை ஏறலை என்பதைப் பின்னால பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்பத்தா சொன்னதும் எனக்குப் பிடிக்கத்தான் செய்யுது. யார் வீட்டுப் பயறு நல்லா முளைக்குது, யார் வீட்டு விதை சொத்தை என்பதும் ஆடிப்பட்டத்துக்கு முன்னாடியே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பெரியவங்க சொல்வாங்க.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கு. எட்டு வயசிலிருந்து நான் மல்லிகை பறித்திருக்கேன். பூ மலர்வதற்கு முன்னாடி மொட்டாகப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பணும், அதனால விடியறதுக்கு முன்னாடியே அம்மா எழுப்பிவிடுவாங்க. பனியில் கால் விறைக்கும். விரல் நகத்தில் பச்சைக் கறை ஏறிப் போகவே போகாது. பறித்துக் கொடுத்துட்டு ஓட்டமாகப் பள்ளிக்கூடம் போவேன், முதல் பீரியடில் தூங்கிப்போவேன். அங்கேயும் ஒரு தோட்டம் இருந்தது. எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டாம். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி சுமக்க எங்க தெருப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவாங்க. மற்ற பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து படிப்பாங்க. அம்மாவுக்கு அது தெரியும். அதனாலதான் கூட்டத்தில் அவ்வளவு கோபம். இதை மறைத்துட்டு, தோட்டம் நல்லது, மண் நல்லது என்று மட்டும் எழுதினா அது பொய்க் கட்டுரை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்றோமே, அந்த கே.ஜி. என்ன என்று தெரியுமா? கிண்டர்கார்டன். ஜெர்மன் சொல். அர்த்தம், 'குழந்தைகளின் தோட்டம்'. 1840-ல் அந்தப் பெயரை வைத்தவர் பிரெடரிக் ஃபிரோபெல். ஒரு வயசு ஆகுமுன்னே தாயை இழந்தவர். பதினைந்து வயசில் காட்டிலாகா வேலை பழகப் போனார், அங்கே மரஞ்செடிகளோடு பழக்கம். அவர் பள்ளியில் நிஜமாகவே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன்னுடையதையும் பார்க்கணும், எல்லாருடையதையும் பார்க்கணும். நம்ம சேமிப்பு மாதிரித்தான் எனக்குத் தோன்றியது, தனித்தனியாகப் பாஸ்புக், ஆனா பணம் ஒரே பெட்டியில். 1851-ல் பிரஷ்ய அரசாங்கம் இந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த வருஷமே மனுஷன் இறந்துபோனார். 1860-ல்தான் தடை நீங்கியது. இன்றைக்கு நம்ம ஊரில் கே.ஜி. என்று போர்டு போட்டு, சிமெண்ட் பூசிய முற்றத்தில் ஒரு புல்லுகூட இல்லாத இடங்களைப் பார்க்கிறபோது அந்தப் பெயருக்கு யாராவது அர்த்தம் சொன்னா தேவலை என்று இருக்கு.

அடுத்தது மரியா மாண்டிசோரி. இந்தப் பெயரையும் போர்டில் பார்த்திருப்பீங்க, பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடியாத பள்ளிகளில். ஆனா அவங்க தொடங்கினது பணக்காரங்களுக்காக இல்லை. 1907 ஜனவரி 6-ல், ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்கிற ஏழைகள் பேட்டையில். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போயிடுவாங்க, பிள்ளைகள் மாடிப்படியிலும் முற்றத்திலும் தனியாகத் திரியும். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் 'குழந்தைகள் வீடு' என்று ஒன்று திறந்தாங்க. அந்த அம்மா ஒரு டாக்டர். செடி வளர்ப்பதைப் பற்றி அவங்க எழுதியதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. செடிக்குத் தண்ணி ஊற்ற நான் மறந்தா அது வாடிப்போகும் என்று புரிகிற பிள்ளைக்கு, யாரும் சொல்லாமலேயே நாளைக்கு என்ன என்று யோசிக்கிற பழக்கம் வருது. அதோடு விதை போட்டால் காத்திருக்கணும், அதட்டினாலும் அது சீக்கிரம் வராது என்பதும் புரியுது.

இது எவ்வளவு உண்மை என்று என் சின்ன மகளிடம் பார்த்தேன். சிரட்டையில் அவள் போட்ட தட்டைப்பயறைத் தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அது அழுகிப்போச்சு. அழுதாள். நான் ஒன்றும் சொல்லலை. அடுத்த சிரட்டையைத் தோண்டலை. அவளுடைய அண்ணன் தோண்டப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

இந்த மாண்டிசோரி அம்மா 1939-ல் சென்னைக்கு வந்தாங்க. அடையாறு பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேல் கூப்பிட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. நடனத்துக்குப் பேர்போன ருக்மிணி தேவியின் கணவர் அவர். வந்தபோது வயது 69. கொஞ்ச மாசத்தில் திரும்பிவிடலாம் என்று மகன் மாரியோவோடு வந்தவங்க. கீற்றுக் கொட்டகைகளில் பாடம். வந்த ஆசிரியர்கள் கிட்டத்தட்ட முந்நூறு பேர். இரண்டாம் உலகப் போரில் 1940 ஜூனில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்தது. உடனே வெள்ளைக்கார சர்க்கார் தாயையும் மகனையும் எதிரி நாட்டுக்காரர் என்று சொல்லிவிட்டது. மகனை முகாமில் அடைத்தார்கள். தாயை அடையாறை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். ஆகஸ்டு 31 அவங்களுடைய எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்குத்தான் பரிசு மாதிரி மகனை விட்டார்கள் வைஸ்ராய் ஆபீஸில். வயசான காலத்தில் அந்நிய ஊரில் மகனைப் பிடித்துக்கொண்டு போனா ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று இதைப் படிக்கிறபோது நினைத்தேன்.

1942-ல் அவங்க கொடைக்கானலுக்கு வந்தாங்க. இரண்டு வருஷம், 1944 வரைக்கும் இங்கேதான். அப்போ திண்டுக்கல் தனி ஜில்லா இல்லை, மதுரை ஜில்லாவில் இருந்தது. 1985 செப்டம்பர் 15-ல்தான் பிரிந்தது. செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றா கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டுப் பக்கம் திரும்பிப் போறதைத் தினமும் பார்க்கிறோமே, அந்த மலையில்தான். ரோஸ் பேங்க் என்கிற வீட்டில் தங்கினாங்க. அங்கே ஒரு சின்னப் பள்ளி உண்டாச்சு. பெரிய பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளும் ஒன்றாகவே இருந்தார்கள், வகுப்பு வகுப்பாகப் பிரிக்கலை. இலங்கையிலிருந்து வந்து பயிற்சி எடுத்த லீனா விக்கிரமரத்னே என்கிற ஆசிரியை கூட இருந்து நடத்தினாங்க.

அடையாறில் வெயில். மலையில் குளிர், மழை, பாசி, பெரணி, பூச்சி, ஓடை. கதவைத் திறந்தா காடு. பிள்ளைகள் வெளியே போய் இலை, செடி, பூச்சி என்று எடுத்து வர, மாரியோவும் லீனாவும் அதுகளை வகை பிரித்துக் காட்டுற அட்டைகளைத் தயார் செய்தார்கள். மண்ணு செடிக்கு, செடி பூச்சிக்கு, பூச்சி பறவைக்கு, தண்ணி எல்லாத்துக்கும் என்று உலகத்தில் ஒன்றுக்கொன்று எப்படி உபகாரம் பண்ணுது என்பதையே பெரிய பாடமாக வைத்து, ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவங்க ஒரு கல்வி முறையை உருவாக்கினது இந்தக் கொடைக்கானல் காலத்தில்தான். இன்றைக்கு உலகம் பூராவும் அந்த முறை நடக்குது. எங்க மலையில் தொடங்கினது என்று நாம பெருமைப்பட்டுக்கலாம். ஆனா மலைக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு அது இறங்கி வரலை. அது ஒரு வருத்தம்தான்.

கீழே வந்தது வேற ஒன்று.

1931 அக்டோபரில் லண்டனில் மாண்டிசோரியும் காந்தியும் சந்தித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கூட்டம் போட்டு காந்தி தன்னுடைய ஆதாரக் கல்வியைச் சொன்னார். நூற்பு, தச்சு, விவசாயம், தோட்டம் என்று ஏதாவது ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதிலிருந்தே கணக்கு, மொழி, விஞ்ஞானம் எல்லாம் சொல்லித்தரணும். ஜாகிர் உசேன் தலைமையில் கமிட்டி பாடத்திட்டம் போட்டது. அதைக் கட்டி நடத்திய ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துத் தமிழர், அவருடைய மனைவி ஆஷா தேவி வங்காளி. முதலில் ஏழு வயசிலிருந்து பதினாலு வரைக்கும்தான் பேசினார்கள். 1945 ஜனவரியில் சேவாகிராமத்தில் கூடி, இது தாய் வயிற்றில் இருக்கிற குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் என்று விரித்தார்கள். அப்போதுதான் ஏழு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளும் இதற்குள் வந்தார்கள். நம்ம பால்வாடிக்கு இதுவும் ஒரு வேர்.

1947-ல் அந்த யோசனையைச் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் கொண்டுவந்து நட்டவங்க டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும். காந்திகிராமம். நம்மில் பாதிப் பேர் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவங்க. சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். கம்பெனி சுந்தரம் அய்யங்கார் மகள். சின்ன வயசில் விதவையானவங்க. பிறகு டாக்டருக்குப் படித்தாங்க, 1940-ல் ராமச்சந்திரனைக் கலியாணம் செய்துகொண்டாங்க. அந்தக் காலத்தில் இது சாதாரணம் இல்லை. 1952-ல் நம்ம ஆத்தூர் தொகுதி எம்.எல்.ஏ.வும் அவங்கதான். ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்துவிட்டு காந்தியிடம் போனவர். இரண்டு இடத்திலும் மரத்தடியும் தோட்டமும்தான் பள்ளிக்கூடம்.

ஆதாரப் பள்ளியில் தோட்டம் எப்படி என்றால், பாத்தி போடும்போது நீளம் அகலம் அளக்கணும், அது கணக்கு. எத்தனை விதை போட்டோம், எத்தனை முளைத்தது, அது கணக்கு. எரு ஏன் மக்கணும், அது விஞ்ஞானம். இன்றைக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைக்கணும், அது தமிழ். விளைந்ததைச் சமைத்துச் சேர்ந்து சாப்பிடணும். இதில் முக்கியமான விஷயம், யாரு வீட்டுப் பிள்ளையானாலும் மண்வெட்டி பிடிக்கணும், கக்கூஸ் கழுவணும். பெரிய வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்க, கூலிக்காரன் பிள்ளை தண்ணி சுமக்கிறது கிடையாது. நான் படித்த பள்ளியில் இது ஒன்று மட்டும் நடந்திருந்தா நான் இந்தக் கட்டுரையை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

அப்புறம் ஏன் அது நிலைக்கலை? பல காரணம் சொல்றாங்க. நல்ல ஆசிரியர் கிடைக்கலை, நூற்றதை யாரும் வாங்கலை, ஆபீஸ் வேலைக்குப் போக வேற பள்ளிதான் வேணும் என்று ஜனங்க நினைத்தார்கள் என்று. ஆனா நம்ம தமிழ்நாட்டில் 1953-ல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். அப்போ முதலமைச்சர் ராஜாஜி. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் தினம் மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரம் பிள்ளைகள் அவரவர் அப்பா அம்மா செய்யற தொழிலைக் கற்றுக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். வண்ணார் பிள்ளை வெளுக்கணும், கூலிக்காரர் பிள்ளை களை எடுக்கணும், படித்தவர் பிள்ளை? அதுதான் கேள்வி. பெரியார் குலக்கல்வி என்று பெயர் வைத்துப் போராட்டம் நடத்தினார். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், அடுத்த மாதமே அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார்.

காந்தி சொன்ன ஆதாரக் கல்வியும் இந்த 1953 திட்டமும் ஒன்று இல்லை. ஒன்றில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குள்ளேயே ஒரே வேலையைச் செய்வார்கள். இன்னொன்றில் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பி அப்பன் தொழிலில் கட்டிப்போடுவார்கள். ஆனா ஊர் ஜனங்களுக்கு இரண்டும் சேர்ந்தே மனசில் பதிந்துபோச்சு என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் மண்வெட்டி என்றாலே, நம்ம பிள்ளையைக் கீழே அமுக்கப் பார்க்கிறார்கள் என்கிற பயம். நியாயமான பயம். எங்க அம்மா 1953-ல் பிறக்கவே இல்லை. ஆனாலும் கூட்டத்தில் அவங்க பேசினது அந்தப் பயத்தைத்தான்.

அதுக்குப் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்றேன். 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது, அங்கன்வாடி அதிலிருந்து வந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. நான் போன பால்வாடிக்குப் பின்னால ஒரு முருங்கை நின்றது, ஆயாம்மா அதில் கீரை ஒடித்துப் பருப்பில் போடுவாங்க. 2018 மார்ச் 8-ல் போஷன் அபியான் வந்தது, செப்டம்பர் மாசத்தை ஊட்டச்சத்து மாதம் என்கிறார்கள், அங்கன்வாடியில் காய்கறித் தோட்டம் போடச் சொல்கிறார்கள். இப்போ பள்ளிகளில் காலை உணவு சமைக்கிறதும் நம்ம குழுப் பெண்கள்தான். ஆக நாம சமைக்கிற இடத்துக்கும் பிள்ளை விதைக்கிற இடத்துக்கும் பத்தடிதான் தூரம்.

போன ஆடியில் தீர்மானம் ஒருவழியாக நிறைவேறிச்சு. என்ன செய்தோம் என்று பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் தெரியட்டும் என்று எழுதறேன். இடம் சின்னது. ஃபிரோபெல் மாதிரி பொதுவாக ஒரு அவரைப் பந்தல், ஆளுக்கொரு எண்ணெய் டின் தொட்டி. டின் விளிம்பைச் சுத்தியலால் மடக்கிவிட்டோம், கை கிழிக்கக்கூடாதே. மூன்று வயசுப் பிள்ளைக்கு வெந்தயம்தான் நல்லது. மூன்று நாலு நாளில் முளைத்துவிடும், அதுக்குமேல அதுகளுக்குப் பொறுமை கிடையாது. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போடணும், உடைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தா செருப்பை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருப்பார்கள். தண்டங்கீரை விதை பொடிசு, மணலில் கலந்து தூவணும். எறும்பு இழுத்துட்டுப் போகும் என்று பாத்தியைச் சுற்றி அரிசி நொய் போட்டோம். எறும்புக்குச் சாப்பாடு போடறோம் என்று பிள்ளைகள் அதைத் தினமும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், நொய்க்கணக்குத்தான் ஏறிப்போச்சு. பொன்னாங்கண்ணியும் புதினாவும் தண்டை ஒடித்து ஊன்றினாலே வரும். சங்குப்பூவைத் தண்ணியில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தா நீலம் ரோஸ் கலராக மாறும். அதைப் பார்க்கப் பெரிய ஆட்களே வந்தார்கள்.

சில விஷயத்தில் ஜாக்கிரதை வேணும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி இதெல்லாம் பிள்ளை கைக்கு எட்டுற இடத்தில் இருக்கவே கூடாது. குன்றிமணி அழகாக இருக்கு என்று வாயில் போட்டுக்கொள்ளும், கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வயலுக்கு வாங்கின மருந்து டப்பாவைத் தோட்டத்துக்குத் தண்ணி மொள்ள எடுக்காதீங்க, எத்தனை தடவை கழுவினாலும் சரி. வெறுங்காலோடு ஈர மண்ணில் விடாதீங்க. கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகத்தான் உடம்புக்குள் போகுது, போய் ரத்தத்தைக் குடிக்குது. நாம ரத்தசோகைக்கு முருங்கைக்கீரை கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் செருப்பு இல்லாமல் விட்டா என்ன பிரயோஜனம்? கை கழுவ சோப்பு ஒன்றைப் பந்தல் காலிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கோம்.

கீரை நன்றாக வந்தது. 28-ம் நாள் பிள்ளைகளே பிடுங்கி, உதவியாளர் அக்கா பருப்பில் போட்டுக் கடைந்தாங்க. கீரை என்றாலே துப்புற பிள்ளைகள், இது என் டின்னில் வந்தது, இது உன் டின்னில் வந்தது என்று சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். எல்லாரும் இல்லை, உண்மையைச் சொல்லணுமே. என் அண்ணன் மகன் அன்றைக்கும் துப்பினான். கார்த்திகை மாசம் வேலி சரிந்து ஆடு புகுந்து அவரைப் பந்தலை மேய்ந்துபோச்சு. ஞாயிற்றுக்கிழமை தண்ணி ஊற்ற ஆள் இல்லாமல் பாதி டின் காய்ந்தது. இதில் தப்பு நம்மளோடதுதான், முறை வைக்கலை.

ஒரே ஒரு விதியை மட்டும் விடாமல் வைத்தோம். தண்ணி ஊற்ற எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவரவர் டின்னுக்கு அவரவர். பந்தலுக்கு வரிசைப்படி எல்லாரும். எந்தத் தெருவாக இருந்தாலும் சரி. யாருக்கும் விலக்கு கிடையாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னது நான்தான்.

அம்மா தோட்டத்தைப் பற்றி அதுக்குப் பிறகு என்னிடம் பேசலை. தை மாசம் ஒருநாள் பேத்தியைக் கூப்பிடப் போனவங்க ரொம்ப நேரம் வரலை. போய்ப் பார்த்தா, ஆடு தின்னது போக மிச்சம் நின்ற ஒரு அவரைக்கொடியை நூல் கயிற்றில் ஏற்றிக்கொண்டு இருந்தாங்க. "யாருடி இப்படி இறுக்கிக் கட்டினது, கொடிக்கு மூச்சு முட்டாதா?" என்று திட்டினாங்க. கட்டினது நான். மகள் பக்கத்தில் நின்று எப்படித் தளர்த்திக் கட்டணும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவிடம் காந்திகிராமத்தைப் பற்றி, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கக்கூஸ் கழுவினதைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தாங்க. "உன் பள்ளிக்கூடத்துல அப்படி இல்லையேடி" என்றாங்க. வேற ஒன்றும் சொல்லலை. தீர்மானத்துக்கு அவங்க கை இன்னும் தூக்கலை.

இந்த ஆடிக்கு வேலிக்கம்பி மாற்றணும், அதைக் கூட்டத்தில் மறுபடி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணிக்கு ஒரு குழுவுக்கு ஒரு மாசம் என்று முறை போட்டால் நல்லது. அவரை, சுரை, பீர்க்கன் விதை வீட்டில் எடுத்து வைத்திருக்கிறவங்க அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கைப்பிடி முடிந்துகொண்டு வாங்க. காலி எண்ணெய் டின் இருந்தாலும் வேணும்.